கூடு நீங்கிய பின்

கழுகானது தன் குஞ்சுகளுக்குப் பறக்கக் கற்பிக்க வேண்டிய பருவம் வந்ததும், கூட்டில் பரப்பியிருந்த மெல்லிய புல்லைக் கலைத்தெறிந்து முட்களை வெளிப்படுத்தி, குஞ்சுகளை விளிம்புக்கு நெருக்கி, அதல பாதாளத்தில் தள்ளிவிட்டு, அவை தரையில் மோதுவதற்கு ஒரு கணம் முன்பாகத் தானே பாய்ந்து சென்று முதுகில் தாங்கிக்கொள்ளும் என்றொரு கதை, பிரசங்க மேடைகளிலும் நீதி போதனைப் புத்தகங்களிலும் நெடுங்காலமாக உலவி வருகிறது. தாயின் கண்டிப்பையும் கருணையையும் ஒரே காட்சியில் உணர்த்துவதற்கு இதைவிட வாய்ப்பான உவமானம் கிடைப்பது அரிதாகலின், உண்மையில் அவ்வாறு நடக்கிறதா என்று விசாரிக்கும் சிரமத்தைச் சொல்பவரும் கேட்பவரும் மேற்கொள்வதில்லை. ஆயினும், கூடுகளுக்கு எதிரே மறைவுப் பரண் அமைத்து, வெயிலிலும் பனியிலும் வாரக்கணக்காக உட்கார்ந்து குறிப்பெழுதிய பறவையியலாளரும், அண்மைக் காலத்தில் கூட்டின் மேலேயே காமிராவைப் பொருத்தி இரவு பகலாக நோக்கியவர்களும் அறிவிப்பது வேறு: குஞ்சைத் தள்ளிவிடுவது எந்த இரைகொல்லிப் பறவையின் வழக்கமும் அன்று. அங்கே நடப்பது கதையைக் காட்டிலும் மெதுவானது. ஆனால் கதையைக் காட்டிலும் சுவையானது.

வட அமெரிக்காவில் வாழும் வெண்தலைக் கழுகை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆறும் ஏரியும் கடலோரமும் சார்ந்து பெரும்பாலும் மீனுண்டு வாழும் இப்பறவை, நெடிதுயர்ந்த மரத்தின் கவட்டில் சுள்ளிகளை அடுக்கிக் கட்டும் கூட்டை ஆண்டுதோறும் புதுப்பித்து, புதுப்பிக்கும்போதெல்லாம் பெருக்கிக்கொண்டே போகும் சுபாவமுடையது. ஃபுளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கருகே அளந்து பார்க்கப்பட்ட ஒரு கூடு 9½ அடி அகலமும் 20 அடி ஆழமும் உடையதாக இருந்தது. அதில் இடப்படும் முட்டைகள் பெரும்பாலும் இரண்டு. ஏறத்தாழ 35 நாள் அடைகாத்தபின் வெளிவரும் குஞ்சுகள் பத்து முதல் பன்னிரண்டு வாரம் வரை கூட்டிலேயே இருக்கின்றன. இக்காலத்தின் பிற்பகுதியில் குஞ்சு செய்யும் காரியங்களைக் காண்பவருக்கு, பறத்தல் என்பது ஒரே நாளில் நிகழும் அற்புதம் என்ற எண்ணம் மறைந்துபோகும்.

முதலில் அது கூட்டின் நடுவில் நின்றபடியே சிறகடிக்கிறது. பின்னர் காற்று எதிர்த்து வீசும் பக்கமாக விளிம்பில் நின்று, சிறகை விரித்து, கால்கள் சற்றே மேலெழும் அளவுக்குக் காற்றின் தாங்குதலைப் பரீட்சிக்கிறது. சில நாட்களில் ஓரடி இரண்டடி உயரம் எழும்பிக் கூட்டிலேயே இறங்குகிறது. பிறகு பக்கத்துக் கிளைக்குத் தாவி, அங்கிருந்து திரும்பத் தெரியாமல் தவித்து, எப்படியோ மீள்கிறது. இத்தகைய நாட்களுள் ஒன்றில், தானே விரும்பித் தாவியோ, எதிர்பாராத காற்று வீச்சில் நிலை தவறியோ அது வெட்டவெளிக்கு வந்துவிடுகிறது. பறத்தலைக் காட்டிலும் இறங்குதலே கடினமான வித்தை ஆதலால், முதல் நாளிலேயே தரையிலோ புதரிலோ விழுந்து கிடக்கும் குஞ்சுகள் பல. அவற்றைப் பெற்றோர் கைவிடுவதில்லை. விழுந்த இடத்துக்கே இரை கொண்டுவந்து கொடுக்கின்றன. தள்ளிவிடும் தாய் எங்கே, தரையில் கிடக்கும் பிள்ளையைத் தேடி மீன் சுமந்து வரும் தாய் எங்கே!

குஞ்சின் உடலில் அப்பொழுது நடந்துகொண்டிருக்கும் கட்டுமானத்தை அறிந்தால் இந்தத் தயக்கத்தின் காரணம் விளங்கும். தசையும் எலும்பும் முதலில் வளர்ந்து, உடலின் எடை ஏறக்குறைய முழுமை பெற்ற பிறகே இறக்கையின் பெரிய இறகுகள் தம் முழு நீளத்தை எட்டுகின்றன. கூட்டை விட்டு எழும் நாளிலும் அவற்றின் அடித்தண்டு இரத்தம் ஓடும் மென்குழலாகவே இருக்கும். அது வற்றிக் கெட்டிப்படுவதற்கு மேலும் சில வாரங்கள் செல்லும். குஞ்சு பட்டினி கிடந்த நாள்களில் வளர்ந்த இறகுப் பகுதியில் குறுக்கே ஒரு மெல்லிய பலவீனக் கோடு விழுந்துவிடும் என்பதும், பின்னாளில் அக்கோட்டில் இறகு முறியக்கூடும் என்பதும் வேட்டைக்காக வல்லூறு வளர்ப்போர் பண்டு தொட்டே அறிந்தவை. ஆகவே, கூட்டில் கிடைத்த உணவின் வரலாறு முழுவதையும் இளம்பறவை தன் சிறகில் எழுதிக்கொண்டே வெளியேறுகிறது எனலாம்.

இன்னொரு விசேஷம் உண்டு. பல கழுகினங்களில், முதலாண்டு இறகுகள் முதிர்ந்த பறவையின் இறகுகளைவிட நீளமானவை. அதனால் இளம்பறவையின் இறக்கை அகன்றும் வால் நீண்டும் காணப்படும். பெரிய இறக்கை காற்றில் எளிதில் மிதக்க உதவும். வேகத்தையும் திருப்பத்தையும் அது ஓரளவு குறைத்துவிடினும், அனுபவமற்ற பறவைக்கு மிதப்பதே முதன்மையான தேவை. பெற்றோரைவிடப் பெரிதாகத் தோன்றும் இந்தப் பழுப்பு நிறப் பிள்ளைகள் அறிஞர்களையும் ஏமாற்றியிருக்கின்றன. பறவை ஓவியத்தில் பெரும்புகழ் பெற்ற ஜான் ஜேம்ஸ் ஆடுபான், தாம் கண்ட ஒரு பெரிய பழுப்புக் கழுகைத் தனியோர் இனமென்று கருதி, வாஷிங்டனின் பெயரைச் சூட்டி வருணித்தார். அது வெண்தலைக் கழுகின் இளம்பறவையே என்பது பின்வந்தோரில் பலருடைய முடிவு. தலையும் வாலும் வெண்மையாவதற்கு ஐந்தாண்டளவு பிடிக்கும் ஓர் இனத்தில் இத்தகைய மயக்கம் நேர்ந்ததில் வியப்பில்லை.

இரைகொல்லிப் பறவைகளுள் பெரும்பாலானவற்றில் பெண்ணே பெரியது என்பதும் கூடு நீங்கும் நாளை மாற்றுகிறது. தென் ஸ்காட்லாந்தின் காடுகளில் சிறு வல்லூறுகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த இயன் நியூட்டன் கண்டபடி, ஆண் குஞ்சுகள் ஏறத்தாழ 26 நாள் பிராயத்திலும், பெண் குஞ்சுகள் அதற்கு நான்கு நாள் பிந்தியும் கூட்டை விடுகின்றன; சிறிய உடலைக் கட்டி முடிப்பதற்குக் குறைந்த காலம் போதும் என்பதே காரணம். ஆந்தைகளுள் பலவோ பறக்கத் தெரிவதற்கு முன்னரே கூட்டை விட்டு நடந்து வெளிவந்து, கிளை கிளையாகத் தொற்றி ஏறித் திரியும் இயல்பின. மற்றும், பொரித்த குஞ்சுகள் எல்லாம் பறக்கும் பருவத்தை அடைவதில்லை. கழுகினங்கள் சிலவற்றில் மூத்த குஞ்சு இளைய குஞ்சைக் கொத்திக் கொன்றுவிடுவது ஏறக்குறைய விதியாகவே இருக்கிறது. ஆப்பிரிக்காவின் மடோபோ குன்றுகளில் கருங்கழுகுகளை ஆராய்ந்த வலெரி கார்கெட் என்னும் அம்மையார், மூன்றே நாளில் மூத்தது இளையதன்மீது இட்ட கொத்துகளை 1,569 என எண்ணி எழுதினார். கூட்டில் உணவு நிறைந்திருந்தும் இது நடந்தது. இயற்கையைத் தாயென்று அழைப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுவது வழக்கம்.

பறந்துவிட்டதனால் குஞ்சு ஸ்வதந்திரம் அடைந்துவிடுவதில்லை. கூட்டைச் சுற்றிய சில நூறு அடிகளுக்குள், பின்னர் ஒரு மைல் இரண்டு மைல் எல்லைக்குள் அது சுற்றித் திரிய, பெற்றோர் தொடர்ந்து இரை கொடுத்துவரும் காலம் ஒன்று இருக்கிறது. சிறு வல்லூறுக்கு அது மூன்று நான்கு வாரம்; பெருங்கழுகுகளுக்குச் சில மாதங்கள். இக்காலத்தில்தான் தாய் தந்தையர் வேட்டைக் கலையைக் கற்பிக்கின்றனர் என்று நம்புவது நமக்கு இயல்பாயிருக்கிறது. பெற்றோர் வானில் இரையைக் கீழே நழுவவிட, இளம்பறவை பாய்ந்து பற்றுவதைக் கண்டோர் அதைப் பாடம் என்றே வருணித்தனர். அது பாடமா, அல்லது பசித்த பிள்ளையின் நகத்துக்குத் தப்புவதற்காகத் தொலைவிலிருந்தே இரையை ஒப்படைக்கும் ஜாக்கிரதையா என்பது விவாதத்துக்குரியது. ஆனால், பெற்றோரே இல்லாத குஞ்சுகள் என்ன ஆகின்றன என்று பார்த்தால் விவாதம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அவ்வாறு பார்ப்பதற்கு ஒரு வழி பலநூறு ஆண்டுகளாகவே கையிலிருந்தது.

ஐரோப்பாவில் வல்லூறு கொண்டு வேட்டையாடிய பிரபுக்களின் பணியாளர், கூட்டிலிருந்து எடுத்த குஞ்சுகளை உயரமான ஓரிடத்தில் வைத்து, நாள்தோறும் குறித்த நேரத்தில் இறைச்சி வைத்துவிட்டு, அவை தம் விருப்பம்போல் பறந்து திரிய விட்டுவிடுவர். சில வாரங்களில் அவை தாமாகவே இரை பிடிக்கத் தொடங்கி, உணவுப் பலகைக்கு வருவதைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் சமயம் பார்த்து வலை வீசிப் பிடித்து வேட்டைக்குப் பழக்குவர். இந்தப் பழைய உபாயத்தையே, பிடிப்பதை மட்டும் விட்டுவிட்டு, இருபதாம் நூற்றாண்டின் விஞ்ஞானிகள் கைக்கொண்டனர். பூச்சிமருந்தின் விளைவாக அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பொரி வல்லூறு அற்றுப்போனபோது, கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் கேட் 1970-இல் தோற்றுவித்த அமைப்பு, கூண்டில் பொரித்த குஞ்சுகளைக் குன்றுகளிலும் கோபுரங்களிலும் பெட்டியில் வைத்து, மனித முகம் காட்டாமல் உணவிட்டு, ஆயிரக்கணக்கில் பறக்கவிட்டது. வானிலிருந்து அம்பெனப் பாய்ந்து புறாவை அடிக்கும் அந்தக் கடினமான வித்தையை அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு தாயும் இல்லை. எனினும் அவை கற்றன, ஜோடி சேர்ந்தன, குஞ்சு பொரித்தன. 1999-இல் அமெரிக்க அரசு அழிவுக்குள்ளாகும் இனங்களின் பட்டியலிலிருந்து பொரி வல்லூற்றை நீக்கிற்று.

இதனினும் வியப்புக்குரியது, மீன் பிடித்துண்ணும் இரைகொல்லியான விராலடிப்பானின் செய்தி. 1996 முதல் ஆறு ஆண்டுகள், ஸ்காட்லாந்தின் கூடுகளிலிருந்து ஆறு வாரப் பிராயக் குஞ்சுகளை எடுத்துவந்து, நடு இங்கிலாந்தின் ரட்லண்டு நீர்த்தேக்கக் கரையில் அவ்வாறே வளர்த்து விட்டனர். மீன் பிடிப்பதைக் காட்டுவார் இன்றி அவை மீன் பிடித்தன. வழி காட்டுவார் இன்றி, இலையுதிர்காலம் வந்ததும் மேற்கு ஆப்பிரிக்காவை நோக்கிப் புறப்பட்டன. உயிர் தப்பியவை சில ஆண்டு கழித்துத் திரும்பி வந்தபோது, பிறந்த ஸ்காட்லாந்துக்குப் போகாமல், பறக்கப் பழகிய ரட்லண்டுக்கே வந்து, 2001-இல் அங்குக் குஞ்சு பொரித்தன. தாயகம் என்று ஒரு பறவை மனத்தில் கொள்வது முட்டை உடைந்த இடத்தை அன்று, முதன்முதலாகச் சிறகு விரித்துச் சுற்றிப் பார்த்த நிலத்தையே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நார்வேயிலிருந்து 1975 முதல் 1985 வரை ஸ்காட்லாந்தின் ரம் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட 82 வெண்வால் கடற்கழுகுக் குஞ்சுகளும், தம் நார்வேயைத் தேடிப் போகாது அத்தீவுகளையே ஊராகக் கொண்டன.

அங்ஙனமாயின், பெற்றோர் ஊட்டும் அந்த மாதங்கள் எதற்கு? பயிற்சிக்குரிய அவகாசத்தை அவை வாங்கித் தருகின்றன என்பதே விடை. பத்து முறை பாய்ந்து ஒன்பது முறை தவறும் வேட்டைக்காரன், தவறிய நாளிலும் உணவு கிடைத்தால்தான் பதினோராவது முறை பாய உயிரோடிருப்பான்.

இந்த ஊட்டுதலுக்கு முடிவு கட்டுவது யார்? பெற்றோரா, பிள்ளையா? 1974-இல் அமெரிக்க உயிரியலார் ராபர்ட் டிரைவர்ஸ் வெளியிட்ட ஒரு கட்டுரை, இக்கேள்விக்குப் புதியதொரு கூர்மை கொடுத்தது. பிள்ளைக்கு இன்னும் சில நாள் உண்ணக் கிடைப்பது லாபம். பெற்றோருக்கோ, அவ்வுழைப்பைச் சேமித்து அடுத்த ஆண்டின் குஞ்சுகளுக்கு வைத்துக்கொள்வது லாபம். ஆதலால் இருவர் நலனும் ஒரு கட்டத்தில் மோதியே தீரும் என்பது அவர் வாதத்தின் சாரம். இதைப் படித்தவர்கள் கூடுதோறும் சண்டையை எதிர்பார்த்துச் சென்றனர். சண்டையும் சில இடங்களில் காணக் கிடைத்தது. ஆனால் பெரும்பாலும் கண்டது, இரை கொண்டுவருவது படிப்படியாகக் குறைவதும், பிள்ளை கூவிக்கொண்டே பின்தொடரப் பெற்றோர் எழுந்து வேறு மரத்துக்குப் போய்விடுவதுமே. நம் வீடுகளில் பால்குடி மறக்கடிக்கும் தாயின் சாமர்த்தியத்தைப் போன்ற இந்த நழுவலைத் துரத்தல் என்று பெயரிடுவது பொருந்தாது.

பிள்ளையின் பங்கு எவ்வளவு என்பதை அளந்தறிய இரு நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள், முதற்பார்வைக்கு முரணான விடைகளைத் தந்தன. பால்டிக் கடலிலுள்ள காட்லண்டுத் தீவில், இளம் பெருவல்லூறுகளின் உடலில் சிறு ரேடியோ கருவி பொருத்தித் தொடர்ந்த ராபர்ட் கென்வர்டும் அவருடைய ஸ்வீடன் நாட்டுத் தோழர்களும், கூட்டருகே மிகுதியாக உணவு வைத்தால் பறவைகள் அங்கேயே கூடுதலான நாள் தங்குவதைக் கண்டனர். உணவு கிடைக்கும்வரை இருந்து, கிடைக்காதபோது போவது என்பது நேரான நியாயமாகவே தோன்றுகிறது. ஸ்பெயின் நாட்டில் குவாடல்கிவிர் நதியின் முகத்துவாரத்தை அடுத்த டோஞானாச் சதுப்பு நிலத்தில், அரசக் கழுகுகளை ஆராய்ந்த மிகேல் ஃபெர்ரெர் கண்டது எதிர்மாறு. கூட்டிலிருந்த குஞ்சுகளின் இரத்தத்தில் யூரியாவின் அளவை அவர் சோதித்தார். பட்டினியில் உடல் தன் தசையையே எரிக்கத் தொடங்கினால் யூரியா ஏறும் ஆகையால், அது போஷாக்கின் நம்பகமான கணக்கு. நன்றாக உண்டு வளர்ந்த குஞ்சுகளே முந்திப் பயணம் தொடங்கின. மெலிந்தவை பின்தங்கி நின்றன.

முரண் என்று கருதுவதற்கு முன், இரு அளவைகளும் இரு வேறு காலத்துக்குரியவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஒன்று இன்று கிடைக்கும் உணவு. மற்றொன்று நேற்றுவரை உண்டு சேர்த்த வலிமை. இன்றைய உணவு தங்குவதற்கு ஒரு முகாந்தரம். நேற்றைய உணவு புறப்படுவதற்கு ஒரு மூலதனம். இவ்விரண்டும் ஒரே பறவைக்குள் ஒன்றையொன்று இழுத்து நிற்க, எது மிகுகிறதோ அதன்படி நாள் குறிக்கப்படுகிறது என்பதே என் அபிப்பிராயம். மேலும், அரசக் கழுகின் பிள்ளை ஒரேயடியாக விடைபெற்றுப் போவதுமில்லை. சில மைல் போய் மாலையில் திரும்புகிறது. பிறகு பல மைல் போய்ச் சில நாள் கழித்துத் திரும்புகிறது. போகும் தூரம் வளர வளரத் திரும்புதல் அரிதாகி, கடைசியாகத் திரும்பிய நாள் எது என்று பின்னோக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது.

அவ்வாறு போனவை எங்கே போகின்றன? காலில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டிப் பறவையை அடையாளம் காணும் முறையை, டென்மார்க்கின் விபோர்க் நகர ஆசிரியர் மார்ட்டென்சன் 1899-இல் மைனா இனப் பறவைகளில் தொடங்கி வைத்த பின்னரே, இக்கேள்விக்கு ஊகமல்லாத விடை சொல்ல வழி பிறந்தது. இரைகொல்லிப் பறவைகளைப் பொறுத்தவரை, அந்த விடையின் முதல் பெரிய அத்தியாயத்தை எழுதியவர் விஞ்ஞானி அல்லர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் என்பது மகிழ்ச்சி தரும் செய்தி. கனடாவின் வின்னிபெக் நகரைச் சேர்ந்த சார்லஸ் பிரோலி, உத்தியோகம் முடித்து, குளிர்காலத்தை ஃபுளோரிடாவில் கழிக்க வந்தவர். 1939-இல், அறுபதை நெருங்கிய வயதில், நூலேணி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, மேற்குக் கடற்கரையின் பைன் மரங்களில் ஏறி, வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளுக்கு வளையமிடத் தொடங்கினார். அதற்கு முன் வளையமிடப்பட்ட அவ்வினக் கழுகுகள் மொத்தம் 166 மாத்திரமே. பிரோலி ஒருவரே பத்தாண்டுகளுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றுக்கு வளையமிட்டார். அந்த வயதில் நம்மில் பெரும்பாலோர் மாடிப்படி ஏறுவதற்கே யோசிக்கிறோம்.

ஃபுளோரிடாவின் கழுகுகள் ஊர் விட்டுப் போகாதவை என்றே அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தனர். குளிர்காலத்தில் முட்டையிட்டு, கோடை பிறக்கும் முன்பே குஞ்சுகளைப் பறக்கவிடும் இப்பறவைகளுக்கு, வெப்பமான அந்நாட்டை விட்டுப் போக என்ன நிர்ப்பந்தம்? ஆனால் பிரோலியின் வளையங்களைப் பற்றிய தகவல்கள் வடக்கிலிருந்து வந்துகொண்டேயிருந்தன: கடற்கரையை ஒட்டிய மாநிலங்கள், அப்பால் கனடா, அதிலும் பிரின்ஸ் எட்வர்டுத் தீவு வரை! சில மாதங்களுக்கு முன் கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்த பிள்ளை, வழிகாட்டியின்றித் தனியே ஆயிரம் மைலுக்கு மேல் வடக்கே போய்விட்டிருந்தது. பறவைகள் தெற்கே போவதையே வலசை என்று கற்றிருந்தவர்களுக்கு இது தலைகீழான செய்தி. கோடையில் தென்னாட்டு நீர்நிலைகள் வெம்மையுறுவதால் மீன்கள் ஆழத்துக்குச் சென்றுவிட, வடநாட்டின் குளிர்ந்த நீர்ப்பரப்புகளில் இரை எளிதாவதே காரணம் என்று இதற்கு விளக்கம் கூறுவர். பென்சில்வேனியாவில், 1934-இல் ரோசலி எட்ஜ் அம்மையார் வேட்டைக்காரரிடமிருந்து மீட்டுப் புகலிடமாக்கிய வல்லூற்று மலையில், செப்டம்பர் மாதத்திலேயே தெற்கு நோக்கிப் பறக்கும் வெண்தலைக் கழுகுகள் எங்கிருந்து வருகின்றன என்ற புதிரும் இதனால் அவிழ்ந்தது: வடக்கே கோடையைக் கழித்துவிட்டு ஃபுளோரிடாவுக்கு மீளும் பறவைகளே அவை. இத்தகவல்களுள் பல, அப்பறவைகளைச் சுட்டவர்கள் அனுப்பிய வளையங்களின் வாயிலாகக் கிடைத்தவை என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

பிரோலியின் குறிப்பேட்டுக்குப் பின்னாளில் வேறொரு மதிப்பும் ஏற்பட்டது. 1947 முதல் கூடுகளில் குஞ்சுகள் குறையத் தொடங்கின, முட்டைகள் பொரிக்கவில்லை, சில கூடுகளில் முட்டையே இல்லை. முன்பு ஆண்டுக்கு நூற்றைம்பது குஞ்சு வரை வளையமிட்டவர், 1958-இல் நூறு மைல் கடற்கரையைத் தேடி ஒரே ஒரு குஞ்சைக் கண்டார். டி.டி.டி. என்ற பூச்சிமருந்தே காரணம் என்று அவர் ஐயுற்றார். அவர் மறைந்து மூன்றாண்டு கழித்து, 1962-இல், எழுத்தாளர் ராஷேல் கார்சன் தமது நூலில் இக்கணக்கை எடுத்துக் காட்டினார். 1972-இல் அமெரிக்கா அம்மருந்தைத் தடை செய்தது.

திசை அறிந்து போகும் ஆற்றல் பிறவியிலேயே அமைந்தது என்று சொல்வதனால், அது பிழையற்றது என்று பொருள் கொள்ளலாகாது. ஸ்காட்லாந்தின் விராலடிப்பான் குடும்பத்தில் முதலில் புறப்படுபவள் தாய். அவள் போனபின்பும் தந்தை மீன் கொணர்ந்து போட, பிள்ளைகள் ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று சேராமல், தத்தம் நாளில் கிளம்புகின்றன. இவற்றின் முதுகில் பொருத்திய செயற்கைக்கோள் கருவிகள் காட்டிய வழித்தடங்களில், பழகிய பறவையின் நேர்கோட்டைக் காண்பது அரிது. கீழ்க்காற்றில் அகப்பட்டு அட்லாண்டிக் மாகடலின்மேல் விலகிப் போய், களைத்து வீழ்ந்து மடிந்தவை உண்டு. டோஞானாவின் கரும்பருந்துகள் 92-ஐப் பல வயதுகளிலும் தொடர்ந்த ஃபெர்னாண்டோ செர்ஜியோவும் தோழர்களும் 2014-இல் வெளியிட்ட முடிவு, இவ்விஷயத்தில் ஒரு பொதுத் தெளிவைத் தந்தது: இளம்பருந்துகள் பிந்திப் புறப்பட்டு, காற்றைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாமல் தடுமாறுகின்றன, ஆண்டுக்காண்டு அனுபவத்தால் திருந்துகின்றன, திருந்த இயலாதவை இடையிலேயே மடிகின்றன. முதிர்ந்த பருந்தின் சாமர்த்தியத்தில் கல்வியும் உண்டு, கழிவும் உண்டு.

விராலடிப்பானின் பிள்ளை செனிகாலிலோ காம்பியாவிலோ சேர்ந்தபின், அடுத்த வசந்தத்தில் திரும்புவதில்லை. இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டு வரை அங்கேயே தங்குகிறது. வலசை போகாத கழுகுகளும் இத்தகைய இடைக்கால வாழ்வு ஒன்றை நடத்துகின்றன. ஸ்பானிய அரசக் கழுகின் பிள்ளைகள், முதிர்ந்த ஜோடிகள் ஆட்சி செலுத்தாததும் முயல்கள் மலிந்ததுமான நிலங்களைக் கண்டுபிடித்து, அங்குச் சில வாரம் தங்கி, பிறகு வேறோர் இடத்துக்குப் போய், மீண்டும் முன்னதற்கே வந்து, இவ்வாறு சில ஆண்டுகளைக் கழிக்கின்றன. இளம் வெண்தலைக் கழுகுகளோ, வேட்டையில் தேர்ச்சி குறைந்த காலத்தில், செத்த மீனையும் பிறர் பிடித்ததைப் பறித்ததையும் கொண்டு ஜீவிக்கின்றன. இந்தத் திருட்டில் அவற்றுக்குத் தயக்கம் கிஞ்சித்தும் இல்லை.

நாடோடி வாழ்வு முடிந்து, இணை தேடும் பிராயம் வந்தபோது, ஆணும் பெண்ணும் பிரிந்து நடக்கின்றன. பறவைகளில் பொதுவாகப் பெண்ணே பிறந்த இடத்தை விட்டு நெடுந்தொலைவு போய்க் குடியமைக்கிறது, பாலூட்டிகளில் ஆணே அவ்வாறு போகிறது என்று 1980-இல் உயிரியலார் பால் கிரீன்வுட் தொகுத்துக் காட்டினார். வல்லூறும் விராலடிப்பானும் இவ்விதிக்கு உட்பட்டவை. எல்லை பிடித்துக் காப்பது ஆணின் பொறுப்பாதலால், பழகிய நிலத்தருகே இருப்பது அதற்கு நன்மை. ஒருவர் தங்க மற்றவர் விலகுவதால், உடன்பிறந்தவையே ஜோடி சேரும் கேடும் தவிர்கிறது. தென் ஸ்காட்லாந்தின் சிறு வல்லூறுகளில் பெரும்பாலானவை, அத்தனை அலைச்சலுக்குப் பின்னும், பிறந்த கூட்டிலிருந்து சில பத்து மைல்களுக்குள்ளேயே கூடு கட்டின என்பது அலைதலும் குடியேறுதலும் வெவ்வேறு காரியங்கள் என்பதைக் காட்டும்.

ஆனால் அந்தப் பிராயம் வரை எஞ்சுபவை சிலவே. பல இனங்களில், பறந்தெழுந்த குஞ்சுகளில் பாதிக்கு மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. பட்டினியே பழைய காரணம். இருபதாம் நூற்றாண்டு அதனோடு மின்சாரத்தையும் சேர்த்தது. மரமற்ற சமவெளியில் உயர்ந்து நிற்கும் மின்கம்பம் இளங்கழுகுக்கு உகந்த இருக்கையாகத் தோன்றுகிறது. இறங்கும்போது விரிந்த இறக்கைகள் இரு கம்பிகளையோ, கம்பியையும் இரும்புக் கம்பத்தையுமோ ஒருசேரத் தொட்டால் அக்கணமே மரணம். டோஞானாவைச் சூழ்ந்த நிலத்தில் இளம் அரசக் கழுகுகளின் சாவுக்கு இதுவே தலையாய காரணம் என்று ஃபெர்ரெரும் அவருடைய தோழர் ஹிரால்டோவும் கண்டனர்; பெரிய இறக்கை வாய்த்த பெண் பறவைகளே அதிகமாக மாண்டன என்பதையும் கண்டனர். கூட்டுக்குக் காவல் போட்டு, முட்டைத் திருடரைத் தடுத்து, குஞ்சு பறந்ததும் கடமை முடிந்ததென்று பாதுகாவலர் வீடு திரும்பிய ஆண்டுகளில், அக்குஞ்சுகள் எவரும் நினைத்துப் பாராத வயல்வெளியில், கம்பத்தடியில் கருகிக் கிடந்தன.

கூட்டைக் காப்பதோடு நின்றுவிட்ட அந்தப் பாதுகாப்பு அரைகுறையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஸ்பெயின் நாட்டார் அதைத் திருத்திக்கொண்டனர். இளம்பறவைகள் அலையும் நிலங்களை ரேடியோக் கருவியின் உதவியால் வரைந்தறிந்து, அங்குள்ள ஆபத்தான கம்பங்களில் மின்காப்பான்களைக் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டும், கம்பிகளுக்கு உறையிட்டும் மாற்றியமைத்தபின், இளங்கழுகுகளில் உயிர் தப்புபவற்றின் விகிதம் பெருமளவு உயர்ந்தது. முயல்கள் மிகுந்த இடங்களைக் காப்பதும் நஞ்சு வைப்போரைத் தண்டிப்பதும் உடன் நடந்தன. 1970-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சில பத்து ஜோடிகளே எஞ்சியிருந்ததாகக் கணக்கிடப்பட்ட ஸ்பானிய அரசக் கழுகு, 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஸ்பெயினிலும் போர்த்துகலிலுமாக 800 ஜோடிகளுக்கு மேல் கூடு கட்டியிருந்தது.